மேட்ச் பார்க்கப் போனவனுக்கு நான் எழுதிய துண்டு

1. திங்கட்கிழமை டெலிபோன்

அன்று திங்கட்கிழமை. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். நான் தோட்டத்து ஆபீஸான கந்தோரில் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தை விரித்து, வேலைக்கு வந்தவர்களுக்கு அன்றைய பேர் போட்டுக்கொண்டிருந்தேன். துரை தன் அறையிலிருந்து கூப்பிட்டார். போனேன். டெலிபோனைக் கையில் பொத்திப் பிடித்தபடி நின்றார்.

"கொழும்பு போலீஸ் பேசுது. முத்துவேல்னு ஒரு ஆளைப் புட்பால் கிரவுண்ட் வாசல்ல புடிச்சிருக்கு. கையில நம்ம தோட்டத்துத் துண்டு. என் கையெழுத்து இருக்கு. ஆனா பதுளை ஆஸ்பத்திரிக்குப் போற துண்டு. அந்த ஆள் கொழும்புல என்ன செய்யுது?"

அந்தத் துண்டை எழுதியவன் நான்.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளாக்கராகச் சேர்ந்து எனக்கு அது நாலாவது வருடம். ஊரில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் எல்லாம் போகும் என்ற பயம் எப்போதும் இருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

2. ஒரு சனிக்கிழமை

முத்துவேல் கவ்வாத்துக்காரன், செடியை வெட்டிவிடுகிறவன். கத்தியைக் கையில் எடுத்தால் தேயிலைச் செடி வரிசையாகச் சொன்னபடி கேட்கும். வயதில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவன். இருந்தும் அவன் என்றே எழுதுகிறேன், அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினோம். தோட்டத்துப் பந்தடி டீமுக்கு அவன்தான் கோல் காப்பவன். பெரட்டுக் களத்தில் சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு, சேற்றில் பாய்ந்து பந்தைப் பிடித்து எழும்புவான். முழங்கையில் எப்போதும் ஒரு காயம் காய்ந்துகொண்டிருக்கும்.

கப்பலில் கிழக்கே போகிற ஒரு வெளிநாட்டு அணி கொழும்பில் இறங்கி ஒரு மேட்ச் ஆடப்போவதாகப் பேப்பரில் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். அதை அவனுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான்.

"பந்து புடிக்கிறதுக்குச் சம்பளமாங்க ஐயா? அதுவே வேலையா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டான். சிரிக்கவில்லை. "அந்த வேலைய எப்படிச் செய்றாங்கன்னு ஒரு தரம் பாத்துரணும்."

இன்றைக்கு இருந்த இடத்திலிருந்தே மேட்ச் பார்க்கிற பிள்ளைகளுக்கு, அது எவ்வளவு பெரிய ஆசை என்று விளங்காது. வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறினால் சனிக்கிழமை விடியக் கொழும்பு. மூன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் விடிய விடிய நிற்கவேண்டும். ரயில் டிக்கட், கேட் டிக்கட், இரண்டு நாள் சாப்பாடு, அதற்கு மேல் சனிக்கிழமைப் பேர் போய்விடும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. முத்துவேல் வளர்த்த ஆட்டை விற்றான். மனைவி காமாட்சி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு அவளே வழிக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுத்தாளாம்.

காசு சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது துண்டு. அந்த வருடங்களில் தோட்டத்து ஆள் வெளியூர் போனால் போலீஸ் நிறுத்தும். நீ இங்கத்தை ஆளா, கள்ளத்தோணியா என்று கேட்கும். இந்தியாவிலிருந்து களவாக வந்து இறங்கியவன் இல்லை என்று காட்ட, துரை கையெழுத்து வைத்த தோட்டத்துத் துண்டு வேண்டும். ஆள் பெயர், எங்கே போகிறார், என்ன காரணம், மூன்றும் இங்கிலிஷில் எழுதியிருக்கும். எழுதுவது என் வேலை.

முத்துவேல் கந்தோர் ஜன்னலடியில் நின்றான். கொழுந்து நிறைய வருகிற மாதம் அது. துரை யாருக்கும் லீவு கொடுக்கமாட்டார் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன்.

"வயித்து நோ, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போறாய் எண்டு எழுதுறன்" என்றேன்.

"எனக்கு வயித்து வலி இல்லீங்களே ஐயா. பந்து பாக்கப் போறேன்னே எழுதுங்களேன். அதுல என்னாங்க இருக்கு?"

"உனக்கு விசரோ? பந்து பாக்கவெண்டு எழுதினா துரை கிழிச்சு மூஞ்சியில எறிவார். வயித்து வருத்தம் எண்டா ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம்."

"நான் போறது கொழும்புக்குங்களே."

"கொழும்பு ஆஸ்பத்திரி எண்டா தோட்டத்து டிஸ்பென்சர் டொக்டரின்ரை கடிதம் கேப்பினம். பதுளையே இருக்கட்டும். ஆர் வாசிக்கப்போறான்?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஐயா சொன்னாச் சரிதாங்க" என்றான். அவனுக்கு இங்கிலிஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்ற மமதை எனக்கு. துரை பத்துப் பன்னிரண்டு துண்டுகளோடு அதையும் பார்க்காமல் கையெழுத்து வைத்தார்.

3. மூன்று சொல்

இனித் திங்கட்கிழமைக்கு வருகிறேன். துரை டெலிபோனில், "ஆமாம், எங்கள் தோட்டத்து ஆள்தான், விட்டுவிடுங்கள்" என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் முகத்தில் தெரிந்தது.

"நானும் அந்த மேட்ச்சுக்குத்தானே போனது! வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தக் கோல்கீப்பர்... அடடா! முத்துவேல் பந்து பாக்கணும்னு கேட்டா நான் என்ன, மாட்டேன்னா சொல்றது?"

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பந்து பாக்கப் போனா எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லி என் கையெழுத்து வாங்கினா, அது வேற. அந்த ஆள் உன்கிட்ட என்ன சொன்னான்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் யாருக்கும் கிடைக்காது. சேர், நான்தான் எழுதினேன், அவன் உண்மையை எழுதத்தான் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், ஒருவேளை வேலையை விட்டும் அனுப்பியிருப்பார்.

"வயித்து வலி எண்டான், சேர்" என்றேன்.

துரை செக்ரோலைக் கொண்டுவரச் சொன்னார். முத்துவேலின் பெயரைத் தன் கையாலேயே வெட்டினார்.

4. ஜன்னலடியில்

புதன்கிழமை அவன் வந்தான். துரையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் ஜன்னலடியில் நின்றான். மேட்ச்சுக்கு உடுத்திப்போன வெள்ளைச் சட்டைதான் அப்போதும் உடம்பில். கொலரெல்லாம் அழுக்கு.

"காலையிலேயே வரிசையில நின்னுட்டேங்க ஐயா. அந்த வெயிலு நமக்குப் பழக்கமில்லீங்களே, தலை சுத்திருச்சு. வரிசைய உட்டா எடம் போயிரும்னு தண்ணிகூடக் குடிக்கப் போகல. டிக்கட்டும் வாங்கிட்டேன். கேட்டுக்கு முன்னால நாலு பேருதான் நின்னாங்க. போலீஸ் வந்து துண்டைக் கேட்டுச்சு. படிச்சுட்டுச் சிரிச்சாங்க. இது யாருகிட்டத் திருடினதுன்னு கேட்டு அடிச்சாங்க."

நான் பேனாவை மூடித் திறந்தேன்.

"அடைச்சு வச்ச போலீஸ் ஸ்டேசன் கிட்டத்தாங்க கிரவுண்டு. சனங்க கத்துற சத்தம் மூணு தரம் பெருசாக் கேட்டுச்சு. கோல் விழுந்துச்சோ, கோல்கீப்பரு புடிச்சாரோ, ஒண்ணும் தெரியலீங்க."

பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நான் வயித்து வலின்னு சொன்னேங்களா ஐயா?"

நான் செக்ரோலைப் பார்த்தேன். அவனைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டான். பதிலுக்குக் காத்துநின்றான். வராது என்று தெரிந்ததும் போய்விட்டான். மேட்ச் முடிவு பேப்பரில் வந்திருந்தது, நான் வாசித்திருந்தேன். அதைக்கூட அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கிழமையே தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறையைக் காலி செய்து, காமாட்சியையும் கூட்டிக்கொண்டு பெரகலைக்குக் கீழே போனான். அங்கே சின்னச் சின்னத் தோட்டங்களில் கைக்காசுக்கு வேலை. எந்தப் புத்தகத்திலும் பேர் பதியமாட்டார்கள்.

5. விடுபட்ட மாதங்கள்

அதோடு முடிந்திருந்தால் ஒரு வேலை போன கதை. முடியவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்கள் பலரைப்போல அவனும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். விடாமல் இந்த நாட்டிலேயே இருந்தேன் என்று காட்டவேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத சனத்துக்குச் செக்ரோலைத் தவிர வேறு சாட்சி ஏது?

இரண்டு வருடம் கழித்து விசாரணை வந்தது. செக்ரோல்களைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். முத்துவேல் ஒரு பக்கம் கைகட்டி நின்றான். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் பெயர் எங்கும் இல்லை.

"இதுக்குப் பிறகு ஆள் எங்கே இருந்தது? இந்தியாவுக்குப் போனதோ?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது. பெயர் வெட்டப்பட்டது" என்றேன்.

"ஏன்?"

"பொய்க் காரணம் காட்டி லீவு எடுத்ததுக்கு."

பழைய துரை அப்போது சீமைக்குப் போய்விட்டார். பயப்பட யாரும் இல்லை. இருந்தும் அதையேதான் சொன்னேன். ஒரு பொய்யைச் சொன்னவன் அதை இரண்டாம் தரம் சொல்லும்போது, அவனுக்கே அது உண்மைபோலக் கேட்கிறது. என்னைப் பற்றி நான் அறிந்த கேவலமான விஷயம் இது.

மனு தள்ளுபடியானது.

6. அப்புத்தளை ஸ்டேசன்

அறுபதுகளின் தொடக்கத்தில் முத்துவேல் குடும்பம் இந்தியா போகிறது என்று கேள்விப்பட்டேன். அவன் அப்பன் பிறந்த ஊர் திருச்சிப் பக்கமாம். முத்துவேல் பிறந்தது எங்கள் தோட்டத்து மேல் லயத்தில். அங்கே போய் யாரிடம் வேலை கேட்பான்? புதுத் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதாவது சொன்னேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, எட்டு வருடம் பிந்தியிருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முத்துவேலுக்கு வேலைச் சான்றிதழ் எழுத அனுமதி தந்தார்.

அதை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். பகல் பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. இரண்டு தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றார்கள். காமாட்சி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கடிதத்தை நீட்டினேன். முத்துவேல் கையை நீட்டவில்லை.

"படிச்சுக் காட்டுங்க ஐயா."

இங்கிலிஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். இத்தனை வருடம் வேலை செய்தவர், கவ்வாத்தில் கெட்டிக்காரர், உதைபந்து பார்க்கவே லீவு கேட்டார், பொய்க் காரணத்தை எழுதியவர் அப்போதைய கிளாக்கர், இவர்மேல் குற்றமில்லை. ஸ்டேசன் என்றும் பார்க்காமல் அழுதேன்.

அவன் கடிதத்தை வாங்கினான். நேரே டிக்கட் கவுண்டருக்குப் போய், அங்கிருந்த கிளாக்கரிடம் கொடுத்தான்.

"ஐயா, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அந்த மனிதர் வரி வரியாக வாசித்துச் சொல்லி முடிக்கும்வரை நான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அது வேண்டியதுதான். முத்துவேல் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"ரெண்டு பேரு படிச்சதும் ஒண்ணாத்தாங்க இருக்கு ஐயா" என்றான்.

ரயில் வந்தது. பெட்டிகளை ஏற்ற நான் கைகொடுத்தேன், அவன் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, யாருக்கு எந்தத் துண்டு எழுதினாலும் அதை அவருக்கே தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. வேலை சுணங்குகிறது என்று பிறகு வந்த பெடியன்கள் முணுமுணுத்தார்கள். நான் கேட்கவில்லை. கந்தோரில் பேனா பிடிக்கிற உங்களுக்கும் சொல்கிறேன்: ஆள் என்ன காரணம் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள். பந்து பார்க்க என்றால், பந்து பார்க்க.