‘இங்க’ன்னா எங்க?

“அத எடுத்து இதுல மாட்டிட்டு, அங்க போயி அவருகிட்ட இது ஆச்சின்னு சொல்லிடு.”

கிருஷ்ணசாமி சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் செம்மல், அச்சைக் கழற்றி இரண்டாவது மெஷினில் மாட்டிவிட்டு, மூடிகள் தயார் என்று லாரிக்காரரிடம் சொல்லக் கிளம்பிவிடுவார். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் பட்டறை ஒன்றில் கிருஷ்ணசாமி சூப்பர்வைசர். பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பது அவருக்குத் தெரியும், பயன்படுத்துவதில்லை. முகவாயை ஒரு பக்கம் இழுத்தால் ‘அது’. புருவத்தைத் தூக்கினால் ‘இது’. மூக்கைத் தேய்த்துக்கொண்டே ‘அது’ என்றால் முதலாளி. போனில் பேசும்போதும் முகவாயால்தான் சுட்டுவார்.

வீட்டில் இன்னும் சுருக்கம். “அது இருக்கா?” என்பார். காலையில் என்றால் மனைவி அன்னக்கிளி மோர் கொண்டுவருவார். மாலையில் என்றால் ரிமோட்டை நீட்டுவார். தப்பியதே இல்லை. அன்னக்கிளியைக் கூப்பிடுவதும் ‘இந்தா’ என்றுதான். கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. கேட்டால், “பேரச் சொல்றதுக்குள்ளதான் அவ வந்துடறாளே!” என்பார்.

மகள் செந்தமிழ்ச்செல்வி பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கிறாள். சேர்ந்த வாரமே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ‘மாடு’ன்னா எங்கேர்ந்து சொன்னாலும் மாடுதான். ‘இங்க’ன்றது அப்படி இல்ல. சொல்ற ஆளு எங்க நிக்கிறாருன்னு கேக்கறவங்களுக்குத் தெரியணும்.”

“தெரியாம இன்னா? நான் இங்கதான நிக்கிறேன்!”

மகள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

இந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போன இடத்தில், கூட்டம் கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்னக்கிளியின் பை கிருஷ்ணசாமியின் தோளில். அதற்குள்தான் மனைவியின் போன், பிரஷர் மாத்திரை எல்லாம். காலையிலிருந்து விரதம் வேறு. எங்கே மயங்கிக் கிடக்கிறாளோ என்று கிருஷ்ணசாமி அறிவிப்பு மேடைக்கு ஓடினார்.

காணாமல் போனவர்களை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்த நெடுமாறன், “பேரு, அடையாளம் சொல்லுங்க சார்” என்றார். கிருஷ்ணசாமி மைக்கையே பிடுங்கிவிட்டார்.

“ஏ இந்தா! நான்தான். அது எங்கிட்டதான் இருக்கு. எங்கயும் போவாத, இங்க வந்துடு!”

“இங்கன்னா எங்க சார்?” என்றார் நெடுமாறன்.

“இங்கதாங்க!”

சற்று நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தொலைந்த கொலுசைக் கொடு என்றார். இன்னொருவர், “எங்க வூட்டுக்காரரு கொரலு மாதிரியே இருந்துச்சி” என்று கிருஷ்ணசாமியை ஏற இறங்கப் பார்த்து ஏமாந்துபோனார். மற்றொருவர் சண்டைக்கே வந்திருந்தார்: “‘நான்தான்’னா? நீ யாருய்யா?”

அன்னக்கிளி மட்டும் வரவில்லை.

“பேரச் சொல்லுங்க சார், கெஞ்சிக் கேக்கறேன்” என்றார் நெடுமாறன்.

கிருஷ்ணசாமிக்குக் காதெல்லாம் சூடேறியது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அன்னக்கிளி” என்றார். ஊரிலுள்ள ஸ்பீக்கர்கள் எல்லாம் அதைச் சொல்லின. “அன்னக்கிளி! அன்னக்கிளி!” தொடங்கியபின் அவரால் நிறுத்த முடியவில்லை. குரல் உடைந்தது. நெடுமாறன்தான் மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார்.

அதற்கும் வரவில்லை. போலீசில் சொல்லிவிடலாம் என்று வண்டியை எடுக்கத் தென்னந்தோப்புக்கு ஓடினார். அங்கே வண்டிமேல் சாய்ந்தபடி நின்றிருந்தார் அன்னக்கிளி.

“இங்க வான்னு கூப்ட்டுட்டு நீங்க எங்க போனீங்க? கால் கடுக்க நிக்கிறேன்!”

ஊருக்கெல்லாம் மேடையாகப் பட்ட ‘இங்க’, அன்னக்கிளிக்கு வண்டி விட்ட இடம்.

“அப்புறம் பேரச் சொல்லிக் கூப்ட்டனே, காதுல வுழல?”

அன்னக்கிளி திகைத்துப் போனார். “அது நீங்களா? யாரோ ஒரு மனுசன் பொண்டாட்டிய வாய் நெறையக் கூப்புடறாரு, நம்ம பேருக்காரி ஒருத்தி குடுத்து வச்சவன்னு கேட்டுக்கிட்டு நின்னேன்.”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் அன்னக்கிளி அவர் தோளருகே குனிந்து, “இன்னொரு தடவ கூப்புடுங்களேன்” என்றார்.

கிருஷ்ணசாமி இடமும் வலமும் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்தார்.