மூடியில் வைத்த பொட்டு

"அந்த வேனுதான் இவருக்கு மூத்த பொண்டாட்டி" என்று ஜானகி தன் புருஷனைக் காட்டி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பொய்யில்லை. தி. நகர் ஜவுளிக்கடை முதலாளி தணிகாசலத்தின் வேன் அது. உலகச் சண்டைக்கு முன்னால் வாங்கின பழசு. புதுச் சாமான் ஒன்றும் கிடைக்காத நாற்பத்து நாலாம் வருஷத்தில் அதை ஓட வைத்ததே அவள் புருஷன், டிரைவர் வடிவேலுவின் கைதான். இருமினால் கார்புரேட்டரில் தூசி, நடுங்கினால் பிளக்கில் கரி. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன்தான் முட்டாளாய்ப் போனான்!

ஆயுத பூசைக்குச் சக்கரத்துக்கும் பானெட்டுக்கும் பொட்டு வைத்தால் போதாதா? இவனுக்குப் போதவில்லை. ஜானகிக்கு நிறைமாசம். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கணும் என்று வேண்டிக்கொண்டு, பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனம் குழைத்து வைத்தான். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற கறுப்பு மூடிக்குத்தான் பெரிய பொட்டு. இன்ஜினுக்கு உயிரே அதுதானே என்று அப்பிவிட்டான்.

மறுநாள் காலையில் வலி எடுத்தது. அடையாற்றங்கரைக் குடிசையில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

"புள்ள குறுக்கால கீது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

ராத்திரி வாசலில் நிறுத்தியிருந்த வேனில் பாய் விரித்து ஜானகியைப் படுக்கவைத்தார்கள். பக்கத்துக் குடிசை தேவானையக்கா தலைமாட்டில் உட்கார்ந்தாள். காய்ந்த சந்தனத்தோடு வேன் நன்றாகத்தான் கிளம்பியது.

மந்தைவெளியில் மழை பிடித்தது. பழைய பானெட்டின் இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே ஒழுகியது. ஆழ்வார்பேட்டையில் வேன் ரெண்டு தரம் துள்ளி நின்றுபோனது.

வடிவேலு குதித்து இறங்கினான். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினான், பெட்ரோல் வந்தது. கார்புரேட்டரைத் துடைத்தான். ஹாரனை அடித்தான், கணீரென்று கேட்டது, பேட்டரி மேல் பழுதில்லை. பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான். முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை உள்ளங்கைத் தோல் உரிகிற வரைக்கும் சுற்றினான். உள்ளே ஜானகி அலறிக்கொண்டிருந்தாள். ஊறின சந்தனம் அந்த மூடியில் வழிந்து அவன் மூக்குக்கு நேரேதான் இருந்தது. தினமும் முதலில் தொட்டுப் பார்க்கிற இடம். அன்றைக்கு அவன் கண்ணுக்கு அது சாமியாகத் தெரிந்ததே தவிர, ஈரமாகத் தெரியவில்லை.

சைக்கிளில் போன பட்டறைக்காரர் காதர் நின்று, எட்டிப் பார்த்தார். கூடவே ஹேண்டிலும் சுற்றினார். கால் மணி போயிருக்கும். உள்ளே அலறல் முனகலாகிவிட்டது. அப்புறம்தான் அவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"நைனா, அந்த மூடியில சந்தனம் ஈரமா கீது. கரண்டு அது வழியா ஒழுகுது போல. வந்தவொடனே பார்த்தேன். சாமி பொட்டாச்சே, நான் எப்டி கை வெக்கிறதுன்னு..."

"ஐயோ, பாய்!"

வடிவேலு துண்டை உருவி மூடியை உள்ளும் வெளியும் அழுத்தித் துடைத்தான். ஒரே சுற்று. இன்ஜின் தேன் மாதிரி ஓடியது. ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"அக்கா, கெட்டியா புடிச்சுக்க! பறந்துடலாம்!"

பின்னால் தேவானை ஜானகியின் முகத்தில் துணியை இழுத்து மூடினாள்.

"வடிவேலு," என்றாள். "மெதுவாவே போ நைனா."

அதற்குப் பிறகும் பத்து வருஷம் அதே வேனைத்தான் ஓட்டினான். காதரை அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டினதெல்லாம் தன்னைத்தான், பாவி, பாவி என்று. ஆயுத பூசைக்குக் கடையாட்கள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், பானெட்டின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வான்.

"சக்கரத்துக்கு வையுங்க, கதவுக்கு வையுங்க. உள்ள மட்டும் வாணாம்."

"இன்னாய்யா, சாமி மேலகூடவா கோவம்?" என்று ஒருவன் கேட்டான்.

"சாமி மேல இன்னா கோவம்? வெச்சது நானு," என்றான் வடிவேலு. அவர்கள் போகிற வரைக்கும் அங்கேயிருந்து நகரவில்லை.