சகலையின் படகுக்கு நான் தைத்த பாய்

சகலை வீட்டு முன்வாசலில் அந்தப் படகைப் பார்த்த அன்று எனக்கு வயிறெரிந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒத்தக்கடையில் வீடு, கல்லூரியில் வேலை. ப்ளைவுட் பலகைகளை அறுத்து, செம்புக் கம்பியால் ஓரத்தோடு ஓரம் கோத்து, பசை பூசி, இரண்டு பேர் உட்காரும் பாய்மரப் படகைத் தானே கட்டியிருந்தார். கடல் இல்லாத மதுரையில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பதினைந்து வருஷமாக மூத்த மருமகனாக இருக்கிறேன். என் கைவேலை எதையும் அவர் அப்படித் தொட்டதில்லை.

எனக்குச் சிம்மக்கல்லில் தார்ப்பாய் தைக்கும் கடை. அதனால் பாய் தைக்க என்னிடம்தான் வந்தார். துணியில் அவரே சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். இரண்டு ஓரம் வெளிப்பக்கமாக லேசாக வளைந்திருந்தது.

"அந்த வளைவ மட்டும் வெட்டிராதீங்கண்ணே. கம்புல கட்டுனா அதான் தொந்தியா வந்து காத்தப் பிடிக்கும்" என்றார்.

தொந்தி விழாமல் தைப்பதுதான் எங்கள் தொழில். லாரி மேல் தார்ப்பாய் தொய்ந்தால் மழைத் தண்ணீர் தேங்கிவிடும். எனக்கே பாய் தைக்கச் சொல்லித் தருகிறாரே என்று எரிச்சல். அவர் போனதும் ஸ்கேலை வைத்து வளைவை நேராக வெட்டினேன். கை தவறவில்லை, தெரிந்தேதான் வெட்டினேன். மடித்துத் தைத்த பிறகு வித்தியாசம் கண்ணில் படவில்லை.

மழை பெய்து கண்மாய் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய் உடைத்துப் படகை இறக்கினோம். பாய் பலகை மாதிரி விறைத்து நின்றது. படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து கருவேல முள்ளில் சிக்கியது. கரையில் எல்லோரும் சிரித்தார்கள், மாமனாரும்தான். இடுப்பளவுத் தண்ணீரில் படகை இழுத்து வந்த சகலை என்னிடம், "தையல் அம்புட்டு கச்சிதம்ணே. நான்தான் கட்டுறதுல எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாயை அவிழ்த்து மடித்துக் கொடுத்தேன். மூன்று மாதம் அவர் அடிப்பலகையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தார்.

பிறகு அவர் தூத்துக்குடிக்கு வேலை மாறிப் போக, ஓடாத படகு என் குடோனுக்கு வந்தது. போன மழைக்கு, மனசு உறுத்தி, வளைவோடு புதுப் பாய் தைத்துக் கட்டிக் கண்மாயில் இறக்கினேன். காற்று வந்து பாய் உப்பியதும் படகு பாய்ந்து ஓடியது. எனக்கு அதைத் திருப்பக்கூடத் தெரியவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அவ்வளவு நல்ல வேலை. "பாய மாத்துனேன் சகல, ஓடுது" என்று மட்டும் போனில் சொன்னேன். பழைய பாயில் வளைவை வெட்டியதைச் சொல்லவில்லை.

அன்றைக்கே அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, தன்னால் முடியாததை அண்ணன் முடித்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். இப்போது விசேஷ வீடுகளில் மாமனார் என்னைத்தான் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்கிறார். நான் ஆசைப்பட்ட இடம்தான். தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். இன்னொருவன் ஜெயித்ததை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லச் சகலையால் எப்படி முடிந்தது? அந்த மனசின் மேலும் எனக்குப் பொறாமைதான்.