முற்றத்தில் புள்ளிமான்

நெற்குப்பையில் பஸ் பழுதாகி நிற்கிறது. தண்ணீர் கேட்டு ஒரு பெரிய வீட்டுக்குள் போகிறேன். உள்முற்றத்தில் ஒரு புள்ளிமான் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. நாய்கள் துரத்தியதில் உள்ளே புகுந்துவிட்டதாம். அது ஓடப் பார்க்கும்போதெல்லாம் வழவழத்த தரையில் குளம்பு வழுக்கி விழுகிறது.

சொல்லி அனுப்பியிருந்த வனக்காவலர் சைக்கிளில் வந்து இறங்குகிறார். மானின் கால்களையே சற்று நேரம் பார்க்கிறார்.

"கால் ஒடிஞ்சா பிழைக்காது ஆச்சி. தரையில விரிக்க ஏதாச்சும் இருக்கா?"

"கல்யாணத்துக்கு விரிக்கிற ஜமக்காளம் இருக்கு. எடுத்துக்கிருங்க" என்கிறார் வீட்டுக்கார ஆச்சி.

முற்றத்திலிருந்து பின்வாசல் வரைக்கும் நானும் ஒரு முனையைப் பிடித்து விரிக்கிறேன். காவலர் எங்களைத் தூண்களுக்குப் பின்னால் நிறுத்துகிறார். "யாரும் பேசாதீக."

மான் ஒரு காலை வைத்துப் பார்க்கிறது. பிறகு நிதானமாக நடந்துபோய், பின்வாசலைத் தாண்டியதும் ஒரே பாய்ச்சலில் கருவேலங்காட்டுக்குள் மறைகிறது. எனக்கு அப்போதுதான் மூச்சே வருகிறது.

ஆச்சி காவலருக்கு மோர் கொடுக்கிறார். அதற்குள் ஒருவர் ஓடிவந்து, தன் வைக்கோற்போரில் மலைப்பாம்பு ஒன்று ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டுக் கிடப்பதாகச் சொல்கிறார்.

"இப்பவே வாரீகளா?"

"வாரேன். மோரைக் குடிச்சுக்கிறேன். வயிறு நெறஞ்ச பாம்பு எங்கிட்டும் போகாது."