எட்டு மீற்றர் குறைந்த ஓடுபாதை

ஹியூபேட் அங்கிளை நம்பாத ஆட்கள் கொட்டாஞ்சேனையில் இல்லை. அவர் நம்பிய ஆட்களும் இல்லை. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம், கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிப் பதிகிற கிளாக்காக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. மீன்காரன் தராசைத் தூக்கினால் அங்கிளின் கண் மீனில் இருக்காது, மீன்காரனின் பெருவிரலில் இருக்கும். வீட்டில் பால்மாப் போத்தலுக்கு வெளியே பென்சிலால் மட்டம் கீறி வைப்பார். அந்த வீட்டில் இருப்பது அவரும் அவருடைய மனைவி மாக்ரெட் அன்ரியும் மாத்திரம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"இவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா, மற்றவைக்கு சுவாமி பரிகாரமா எத்தினை அருள்நிறைந்த மரியே செபம் குடுத்தவர் எண்டு கோயில் வாசல்ல நிண்டு விசாரிப்பார்," என்பா அன்ரி. "தனக்கு மட்டும் ரெண்டு கூடக் குடுத்திட்டாராம்."

நான் ரெனால்ட். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்றதும் பெரிய ஆளென்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவது, கடிதம் எழுதுவது, தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம்.

அங்கிள் பிறவியிலேயே அப்படி இல்லையாம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கூட வேலை செய்த சிநேகிதன் ஒருவன் "நான் எண்ணிட்டன், நீ கையெழுத்தை வை" என்று சொல்ல, நம்பி வைத்திருக்கிறார். பதினொரு பெட்டி குறைந்தது. ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் விசாரணையில் இவரில் குற்றமில்லை என்றுதான் வந்தது. ஆனால், "அந்த ஆறு மாசமும் எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் ஒரு பிளேன்டீ குடிக்க வரேல்ல, ரெனால்ட்" என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற மனுசன் ஆகிவிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம் சின்னது. சுற்றி ஓடினால் இருநூறு மீற்றர். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. போன வருடம், வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து றப்பர் விரித்த ஓடுபாதை ஒன்று போட்டுத் தர முன்வந்தார்கள். வேலை மாளிகாவத்தை ஜவாத்துக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை பட்மின்டன் கோர்ட்டுகளுக்குத் தளம் போட்டு வந்தவர். ஓடுபாதை அவருக்கு இதுதான் முதல் தடவை. இதை ஒழுங்காக முடித்து எங்கள் சங்கத்திடம் ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்கினால், வெள்ளவத்தையில் இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் ஓடுபாதை வேலையும் அவருக்குத்தான். கடிதம் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. பாவம், வந்த அன்றே அதை மறைக்காமல் எங்களிடம் சொல்லிவிட்டார்.

"கடிதத்தில கண் வைச்சுக்கொண்டு வாறவன் வேலையில கண் வைக்கமாட்டான்," என்றார் அங்கிள். யாரும் கேட்காமலே மேற்பார்வை அவருடைய கைக்குப் போனது. அதிபராக இருக்கிற பிரதருக்கும் அது நிம்மதி. வெயிலில் நிற்க ஒரு ஆள் கிடைத்ததே.

அளக்கிற நாளில் ஜவாத் பையிலிருந்து புது இரும்பு டேப் ஒன்றை எடுத்தார். அங்கிள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உம்மட டேப் வேணாம் தம்பி. எங்க வாங்கினதோ, எப்பிடிச் செய்ததோ, ஆர் கண்டது. எங்கட பள்ளிக்கூடத்து டேப்பால அளப்பம்."

"அங்கிள்ட மனசு நெறஞ்சாப் போதும். ஒங்கட டேப்பாலயே அளப்பம்," என்று ஜவாத் சிரித்துக்கொண்டே தன்னுடையதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். ஆட்களோடு முளை அடிக்க மைதானத்தின் மற்றத் தலைப்புக்குப் போனார்.

விளையாட்டுச் சாமான் அறையிலிருந்து பழைய ஐம்பது மீற்றர் துணி டேப்பை நான்தான் கொண்டு வந்தேன். முதல் நாலைந்து மீற்றருக்கு இலக்கமெல்லாம் தேய்ந்து வெறும் வெள்ளையாகக் கிடந்தது. நுனியில் டெலிபோன் வயர் ஒன்று முடிந்திருந்தது. ஒரு மீற்றர் நீளம் இருக்கும், தலைப்பில் ஒரு வளையம். முன்பு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்து காலமாகிப்போன செபஸ்தி அண்ணன் கட்டி வைத்தது. அதைக் கண்டதும் அங்கிளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"இதென்ன வயர்? நீளத்தைக் கூட்டிக் காட்ட ஆரோ செய்த சுத்துமாத்து," என்று சொல்லிக்கொண்டே பேனாக்கத்தியை எடுத்தார். முடிச்சோடு அறுத்து, மதிலுக்கு அங்கால் இருக்கிற சாக்கடைக் கானுக்குள் எறிந்தார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணால் கண்டேன். அந்த நேரம் எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

அந்த டேப்பாலேயே பாதை முழுவதையும் அளந்து குறித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டரை மாதம் ஜவாத்துக்கு வேலை செய்ததை விடப் பதில் சொன்னதுதான் அதிகம். கல் வந்தால் கல்லைக் கழுவிப் பார்ப்பார் அங்கிள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வாளியோடு வந்து ஊற்றுவார். கோயில் சந்தைக்குக் குழந்தைத் தொப்பி பின்னுகிற அன்ரியின் ஊசியைக் கொண்டு வந்து, றப்பர் எவ்வளவு தடிப்பு என்று குத்திப் பார்ப்பார். ஜவாத் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பத்து மணிக்கு எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார். அங்கிள் மட்டும் குடிக்கமாட்டார். குடித்தால் கண் மங்கிவிடுமாம்.

ஒரு வழியாகப் பாதை முடிந்தது. சுவாமி வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். பிள்ளைகள் ஓடினார்கள். சாமினி டீச்சர், விளையாட்டு டீச்சர், கையில் கடிகாரத்தோடு துள்ளிக் குதித்தா. எண்ணூறு மீற்றரில் ஒவ்வொரு பிள்ளையும் முந்தியை விட ஆறு செக்கன் குறைத்து ஓடியிருந்தது. றப்பர் என்றால் சும்மாவா என்று பிரதர் கூட ஒரு வேகநடை நடந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். ஜவாத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

அங்கிள் மட்டும் கை தட்டவில்லை. "ஒரு பிள்ளை ஆறு செக்கன் குறைச்சா அது பயிற்சி. எல்லாப் பிள்ளையும் ஆறு செக்கன் குறைச்சா அது களவு," என்றார்.

அடுத்த நாளே சாமினி டீச்சரின் புது டேப்பை வாங்கி, மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் நூற்றுத் தொண்ணூற்றொன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூட. எட்டு மீற்றரைக் காணவில்லை. அங்கிளை அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு நாளும் கண்டதில்லை. மகளுக்குக் கலியாணம் சரிவந்தவர் மாதிரி ஒழுங்கையில் வீடு வீடாக ஏறிச் சொன்னார். "எட்டு மீற்றரை விழுங்கிட்டான்! என்ர கண்ணுக்கு முன்னால!" இரண்டு நாளில் கொட்டாஞ்சேனை முழுக்க ஜவாத்தைக் கள்ளன் என்றது. நற்சான்றுக் கடிதத்தைப் பற்றி முடிவெடுக்கச் சனிக்கிழமை காலை கூட்டம் என்று நான் அறிவித்தல் அனுப்பினேன்.

வியாழக்கிழமை ஜவாத்தின் வான் அங்கிளின் வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றது. நானும் கண்டேன். ஒழுங்கையில் பாதிப் பேர் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

கூட்டம் பள்ளிக்கூடத்து நூலகத்தில் நடந்தது. முப்பது பேர் வந்திருப்பார்கள். ஜவாத்தும் வந்து கடைசிக் கதிரையில் இருந்தார். எங்கள் தலைவர் ஒரு சட்டத்தரணி. அவர் தொண்டையைச் செருமித் தொடங்க முதலே அங்கிள் எழுந்தார். கையில் பள்ளிக்கூடத்து டேப்.

"குறைஞ்சது எட்டு மீற்றர்," என்றார். "குறைச்சது நான்."

அங்கிள் மெதுவாகச் சொன்னார்.

"ஆதாரத்தை இறுக்கமா வைப்பம் எண்டு புதன்கிழமை எங்கட டேப்பாலயும் முதல் அளந்த மாதிரியே ஒருக்கா அளந்தன். இருநூறு சரியா வந்துது. அப்பதான் பயம் பிடிச்சுது. ரெண்டு டேப்பையும் விறாந்தையில பக்கத்தில பக்கத்தில விரிச்சன். எங்கட டேப்பில முதல் மீற்றர் எப்பவோ அறுந்து போயிருக்கு. செபஸ்தி அதுக்குப் பதிலா ஒரு மீற்றர் வயரைக் கட்டி வைச்சிருக்கிறான். அந்த வயரை நான் அறுத்து எறிஞ்சிட்டன். வளைவுக்கு நடுவில இருந்து பிடிக்கிற அளவில ஒரு மீற்றர் குறைஞ்சா, ரெண்டு வளைவும் சேத்து ஆறு மீற்றர் போகும். நேர்ப்பாதை ரெண்டிலயும் ஒவ்வொரு மீற்றர். வியாழக்கிழமை ஜவாத்தைக் கூப்பிட்டு அவற்ற டேப்பாலயும் பாத்தன். அவற்ற டேப் சரி. இவர்ல பிழை இல்லை. நான் ஆறு மாசம் கள்ளன் எண்டு பேர் கேட்டு இருந்தனான். அது என்னெண்டு எனக்குத் தெரியும். கடிதத்தைக் குடுங்கோ."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஜவாத்தின்ர வான் உங்கட வாசல்ல ஒரு மணித்தியாலம் நிண்டது டேப் பாக்கவோ?"

பின் வரிசையில் சிரிப்புக் கேட்டது.

"ஓம்."

"அந்த வயர் எங்க?"

"கானுக்க எறிஞ்சிட்டன்."

"நீங்கள் எறிஞ்சதை ஆர் கண்டது?"

அங்கிள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எழும்பியிருப்பேனோ என்னவோ. நான் கூட்டக் குறிப்புப் புத்தகத்துக்கு மேல் குனிந்துகொண்டேன். எழும்பினால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஜவாத் உனக்கு எந்தக் கடையில் புரியாணி வாங்கித் தந்தவர் என்று கேட்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் கூட.

ஜவாத் கடைசிக் கதிரையிலிருந்து எழுந்தார். "சேர், திரும்ப ஒருக்கா என்ட டேப்பால அளக்காம உட்டது என்ட புழதான். உள்கோட்ட அழிச்சிட்டு, ரெண்டாவது ஓட்டப் பாதய மொதலாவதா வச்சு வரஞ்சு தாரன். ஒரு லேன் கொறயும், ஆனா இருநூறு சரியா வரும். சும்மாவே செஞ்சு தாரன்."

"பிழை இல்லாதவன் ஏன் சும்மா செய்து தரப்போறான்?" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். பனைமரத்தடியில் நின்று பால் குடித்த கதைதான். முப்பது வருடமாக அங்கிள் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடத்தை அன்றைக்கு அவருக்கே திருப்பி ஒப்புவித்தோம். டேப்பின் நுனியை நேற்று அறுத்திருக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவானது. அதோடு நிற்காமல், வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் அறிவிப்பது என்று தீர்மானித்தார்கள்.

திரும்பி வரும்போது அங்கிளும் நானும் ஒன்றாகத்தான் நடந்தோம். ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவர் நின்றார்.

"நீ பக்கத்தில நிண்டனி," என்றார்.

"ஓம் அங்கிள்."

"ஏன் எழும்பேல்ல?"

"என்னையும் ஜவாத் வாங்கிப்போட்டார் எண்டு சொல்லுவினம், அங்கிள்."

"ஓம். நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்," என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்கான கடிதத்தை ரைப் செய்தேன். மேற்படி நபரின் வேலையை எம்மால் சிபாரிசு செய்ய முடியாதுள்ளதென்பதை அறியத் தருகிறோம். மூன்று வரிதான். தபாலில் போட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, நான் கந்தோரில் இருக்கும்போது போன் வந்தது. வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்து அதிபர், ஒரு அம்மா. நல்ல நிதானமான குரல்.

"மிஸ்டர் ரெனால்ட்தானே? இங்க ஹியூபேட் எண்டு வயசான ஒருத்தர் வந்து இருக்கிறார். இது மூண்டாவது தரம். பஸ்ஸில வந்து வந்து போறார். கையில அறுந்த டேப் ஒண்டு. பிழை தன்னிலயாம், ஜவாத்தில இல்லையாம். எனக்கு விளங்கேல்ல. ஆளுக்குச் சுகமில்லையோ, இல்லாட்டி ஜவாத் அனுப்பின ஆளோ?"

எனக்கு முன்னால் மேசையில் கோப்புகள் கிடந்தன. ஒன்றை எடுத்து மூடி, திரும்பத் திறந்தேன்.

"ரெண்டும் இல்லை, மிஸ். அவர் சொல்லுறது உண்மை. வயரை அவர் அறுத்து எறிஞ்சதை நான் பக்கத்தில நிண்டு கண்டனான்."

மறுபக்கத்தில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப, என்ர கையில இருக்கிற இந்தக் கடிதத்தில கையெழுத்து வைச்சது ஆர்?"

"நான்தான், மிஸ்," என்றேன்.