ஆறு வாரத்து ஹீலியம்

அந்தக் கண்ணாடிக் குடுவை ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அதில் ஆறு வாரத்து ஹீலியம் இருந்தது. திருவிதாங்கூர்க் கடற்கரை மணலை இரும்புக் குழாயில் போட்டுப் பழுக்கக் காய்ச்சினால், மணலுக்குள் காலங்காலமாக அடைபட்டிருந்த வாயு வெளியே வரும். உடன் வரும் மற்ற வாயுக்களைக் கடுங்குளிரில் வைத்த கரி பிடித்துக்கொள்ளும். எதனோடும் ஒட்டாத ஹீலியம் மட்டும் தப்பி வந்து குடுவையில் சேரும். நாற்பதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை. அங்கே நான் ஒருத்திதான் பெண்.

குடுவையையும் குழாய்களையும் ஊதிச் செய்தவர் கண்ணாடி மேஸ்திரி. ஒக்கலிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'அம்மா' என்றுதான் அழைப்பார்.

பேராசிரியர் வாயுவைச் சோதிக்கவிருந்த திங்கட்கிழமை நான் சீக்கிரமே வந்துவிட்டேன். குடுவையின் வாயை அடைக்கும் கண்ணாடித் திருகு பாதி திறந்திருந்தது. சனிக்கிழமை கடைசியாக அதைத் தொட்டவள் நான். சட்டென்று மூடிவிட்டுத் திரும்பினேன். வாசலில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

பேராசிரியர் வந்து வாயுவைச் சோதனைக் குழாய்க்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஹீலியத்தின் மஞ்சள் ஒளி வரவில்லை. சோதனைக் குழாயில் காற்றின் இளஞ்சிவப்புத்தான் எரிந்தது.

"எப்படிக் காத்து புகுந்தது?" என்று கேட்டார்.

"மேஸ்திரி வெள்ளிக்கிழமை ஒட்டின இடத்துல கசிவு இருக்கும், சார்," என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நான் ரெண்டு வாட்டி சோதிச்சேன், சார்," என்றார். அவ்வளவுதான். நான் திருகை மூடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்து நின்ற அந்தச் சில நொடிகளில் நானே சொல்லியிருக்கலாம். பெண்ணை வேலைக்கு எடுத்ததே தப்பு என்பார்களோ என்ற அச்சம்தான் காரணம் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு இரண்டு குழந்தைகள் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அந்த வாரத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய பிறகு, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மேஸ்திரி இப்போது ஆடுகோடியில் ஒரு பட்டறையில் மருந்துக் குப்பி ஊதுவதாகச் சொன்னார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, மனைவியிடம் காபி போடச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கூப்பிட்டார்.

"இங்க வா கண்ணு, இவங்களுக்கு வணக்கம் சொல்லு. பெரிய படிப்பு படிச்சவங்க. நீயும் இவங்கள மாதிரி வரணும்."

அவள் கைகூப்பினாள். அந்தக் குழந்தையின் எதிரில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வழியனுப்ப அவர் தெருமுனைவரை வந்தார். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அப்போதும் நான் சொல்லவில்லை.