சீட்டில் விழுந்த பக்கம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க டீச்சரம்மா தவறிட்டாவளாமே? விடியக்காலம் வேதக்கோயில் மணி அடிச்சுதே, கேக்கலியா?"

மணியைக் கேட்டேன். யாருக்கோ என்று நினைத்துக் காப்பி குடித்தேன். கையிலிருந்த காய்களைத் தட்டில் போட்டுவிட்டு, வெறும் பையோடு ஜெபமணி டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுக எனக்குத் துக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. எரிச்சல் என்மேல். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை ஏழு வருஷமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இனி அடுத்த வாரம் கிடையாது.

நம் வாதமன்றத்து நண்பர்களுக்கு டீச்சரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மன்றம் என்று பெயர்தான். பெயர்ப்பலகை கிடையாது, மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அறை ஒன்றில் கூடுகிற இருபது பேர். கணக்கு டீச்சரான அவர்தான் நம்மில் ஆகச் சிறந்த பேச்சாளர். சத்தம் போடமாட்டார். கரும்பலகையில் கணக்குப் போடுகிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாக இறங்கி வருவார். கடைசி வரியில் நாம் எல்லோரும் அவர் சொன்ன விடைக்கு வந்து நிற்போம். ஆனாலும் அஞ்சலி என்று நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த ஒன்றை எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, நினைவிருக்கும். எங்கே கூட்டம் முடிந்தாலும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குப்பை பொறுக்க ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஆற்றுமணலில் கூடிப் பேசினோம். பேச்சு முடிந்து எல்லோரும் தாமிரபரணியில் கால் நனைக்கப் போனபோது, அவர் மட்டும் ஷாம்பு உறைகளையும் பாக்குப் பொட்டலங்களையும் பீடித்துண்டுகளையும் பொறுக்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை?" என்று கேட்டேன்.

"பெறக்குதவளுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி, ஊர்ல யாரு என்ன செஞ்சான்னு" என்றார். அப்போது எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கொஞ்ச தூரத்தில், மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து அவருடைய கணவர் சாமுவேல் சார் பீடி குடித்துக்கொண்டிருந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். பேச்சில் தேன் ஒழுகும். ஒன்றை அணைக்கும்போதே அடுத்ததைப் பற்றவைப்பார். குடித்து முடித்த துண்டை மனைவி பார்க்கும்படியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "நான் குப்பை போடலம்மா, பாத்துக்கோ" என்பார். டீச்சர் சிரிக்கமாட்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டீச்சரின் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை கடற்கரைக்குச் சுற்றுலா போயிருந்தார்கள். நம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர் அது. அங்கே யாரோ அணைக்காமல் எறிந்த பீடியை ஒரு சிறுமி மிதித்துவிட்டாள். உள்ளங்கால் பொத்துப்போனது. அந்தக் காலுக்கு மருந்து போட்ட கையோடு டீச்சர் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். கடற்கரையில் புகைபிடிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று நாலு கடிதம். தலைவர் நல்ல மனிதர், கொஞ்சம் விளையாட்டுப் புத்தியும் உண்டு. "ஒங்க மன்றத்த இங்க கூட்டிட்டு வாங்க டீச்சர். எங்க சனங்க முன்னால ரெண்டு பக்கமும் பேசுங்க. கை தூக்கச் சொல்லுவோம். தடை வேணும்னு முடிவாச்சுன்னா அன்னைக்கே போர்டு நட்டுருதேன்" என்று சொல்லியனுப்பினார். போர்டை எழுதியும் வைத்துவிட்டார். "இங்கு புகைபிடிக்கக் கூடாது" என்று ஒரு வரி, "இங்கு குப்பை போடக் கூடாது" என்று அடுத்த வரி.

நம் மன்றத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் பேசுவது என்று பேச்சாளர் முடிவு செய்வதில்லை, சீட்டுத்தான் முடிவு செய்யும். ஒரு சொம்பில் இரண்டு சுருட்டிய சீட்டுகள். ஒன்றில் 'ஆதரித்து', மற்றதில் 'எதிர்த்து'. பெண் பேச்சாளர் இருந்தால் அவர் முதலில் எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். மிச்சமுள்ள பக்கம் மற்றவருக்கு. அந்த இரண்டாவது சீட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. விழுந்த பக்கத்தை மறுக்கக் கூடாது, அரைமனதாகப் பேசவும் கூடாது. சீட்டு எழுதிச் சுருட்டுவது செயலாளரான என் வேலை.

அன்று இரண்டு சீட்டிலும் நான் 'எதிர்த்து' என்றே எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். குறும்புதான், வேறு ஒன்றும் இல்லை. டீச்சருக்கு எதிரே பேச இருந்தவர் நம் வக்கீல். விரலிடுக்கில் சிகரெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் நின்று தடை வேண்டும் என்று பேசவும், நாலு கடிதம் எழுதிய டீச்சர் தடை வேண்டாம் என்று பேசவும் கேட்டால் ஊர் சிரித்து உருளும் என்று கணக்குப் போட்டேன். டீச்சர் தடைக்காகப் பேசினால் போட்டியே இருக்காது என்றும் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான், வேறென்ன.

வேனில் போகும்போது என் அருகில் சாமுவேல் சார் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் இருந்த டீச்சருக்குக் கேட்கும்படியாக, "வே, இன்னைக்கு இவ பேசி அந்த ஊர்ல தடை வந்துச்சுன்னா, நானும் அங்கனயே பீடியைத் தூரப் போட்டுருதேன். சத்தியம் பண்ணியிருக்கேன், கேட்டுக்கிடும்" என்றார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அண்ணாச்சிதான் சாட்சி" என்றார்.

சீட்டுகள் என் சட்டைப்பையில் இருந்தன. பேனாவும் இருந்தது. மாற்றியிருக்கலாம். சாமுவேல் சார் இப்படி நூறு சத்தியம் செய்தவர்தானே என்று இருந்துவிட்டேன்.

கடற்கரையில் வலைக்காரர்கள், கருப்பட்டி விற்கிறவர்கள், பெண்கள் என்று நல்ல கூட்டம். டீச்சர் சொம்புக்குள் கை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். படிக்கக் கொஞ்சம் நேரமானது. பிறகு, "எதிர்த்து" என்றார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டு, "அப்ப நான் தடை வேணும்னு பேசணுமா? இது என்னவே கொடுமை!" என்று கத்த, கூட்டம் சிரித்தது. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மற்ற சீட்டைச் சொம்பிலிருந்து எடுத்துக் கசக்கி, முதுகுக்குப் பின்னால் மணலில் போட்டுக் காலால் தள்ளினேன்.

டீச்சர் பேசினார். அரைமனதாகப் பேசத் தெரியாதே அவருக்கு. "விடிய விடிய வலை இழுத்துட்டு வந்து இந்த மணல்ல ஒக்காருதவனுக்கு ஒரு பீடியை விட்டா வேற என்ன சொகம் இருக்கு? அதையும் பிடுங்கணும்னு சொல்லுதவங்க, சுற்றுலா வந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்க" என்றார். அந்தச் சுற்றுலா வந்தவர் அவரேதான். ஆலங்குளத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைச் சொன்னார். "துண்டு கெடக்குதுன்னா தொட்டி வைங்க. ஆள வெரட்டாதீங்க. தடை போட்டா மறைஞ்சு குடிப்பான். மறைஞ்சு குடிக்கவன் இன்னும் கூடக் குடிப்பான்" என்று முடித்தார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணவே வேண்டியிருக்கவில்லை. சாமுவேல் சாரும் கை தூக்கினார், இரண்டு கையையும்.

பஞ்சாயத்துத் தலைவர் போர்டின் முதல் வரியைத் தாரால் அழித்துவிட்டு, குப்பை வரியை மட்டும் வைத்து நட்டார். நாங்கள் சுக்குக் காப்பி குடித்தோம். டீச்சர் வழக்கம்போல மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மணலில் குனிந்தார். திரும்பும்போது வேனில் அவர் மஞ்சள் பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அவர் ஒரு பிஸ்கட் தகர டப்பாவோடு வந்தார். "இனிமே சீட்டு நான் எழுதுதேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்குக் கூடுதல் வேலை?" என்றார். இரண்டு சீட்டையும் சபை முன்னால் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் சுருட்டவேண்டும் என்று ஒரு விதியும் கொண்டுவந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, எதிலும் ஒழுங்கு என்று நானே அதைப் பாராட்டிப் பேசினேன்.

மூன்று வருஷம் கழித்து சாமுவேல் சாருக்கு நெஞ்சில் நோய் வந்துவிட்டது. பார்க்கப் போனபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். இருமலுக்கு நடுவே வேடிக்கை மட்டும் குறையவில்லை. "இவ என்னைக்கு பீடியை விடச் சொன்னாலும் நான் ஒண்ணுதான் வே கேப்பேன். அன்னைக்கு மேடையில சொன்னது பொய்யா, இப்ப வீட்ல சொல்லுதது பொய்யா? வாயடைச்சுப் போயிருவா." டீச்சர் கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

சாமுவேல் சாரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் டீச்சர் வந்தார். "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க அண்ணாச்சி. சீட்டுல விழுந்தத நான் பேசினேன். அவ்வளவுதானே?" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா டீச்சர். சீட்டு அப்படி விழுந்துட்டு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நாலு வருஷம், மாதம் ஒருமுறை அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவர் எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்திருக்கிறார். தடை வந்திருந்தால் சாமுவேல் சார் பீடியை விட்டிருப்பாரா? விட்டிருக்கமாட்டார் என்றே பாதி நாள் நினைக்கிறேன். மீதி நாள் அந்த வேனும், திரும்பிப் பார்த்த அந்த முகமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. விடையை டீச்சரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லாமல் அதை எப்படிக் கேட்பது?

டீச்சர் தவறிய மூன்றாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் அவருடைய மகள் லில்லி அந்தத் தகர டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "மன்றத்து டப்பாவ ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொன்னாவ மாமா. வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாதாம்."

வீட்டுக்கு வந்து திறந்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் எழுதிய சீட்டுகள் இருந்தன, சுருட்டாமல். ஒன்று ஆதரித்து, ஒன்று எதிர்த்து. அவற்றின் அடியில் ஒரு காகிதம் விரித்திருந்தது. அதை எடுத்தேன். அதற்கும் அடியில் இரண்டு பழைய சீட்டுகள், ஒரே குண்டூசியில் குத்தியபடி. இரண்டும் என் கையெழுத்து. இரண்டிலும் 'எதிர்த்து'. ஒன்று அவர் சொம்பிலிருந்து எடுத்தது. மற்றது நான் கசக்கி மணலில் போட்டது. அதைக் கை வைத்து நீவி நீவித் தட்டையாக்கியிருந்தார். கசங்கிய கோடுகள் மட்டும் போகவில்லை.

அன்றைக்கே, அந்த மணலிலேயே, குனிந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வேனில் ஏறியிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் அந்த வாசலில் என் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். நான் சொல்வேன் என்று காத்திருந்தாரா, அல்லது சொல்லமாட்டேன் என்று தெரிந்தேதான் கேட்டாரா? டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேறு ஒரு வரி இல்லை.

நண்பர்களே, டப்பாவையும் அடுத்த மாதச் சீட்டுகளையும் வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி எழுதுவது யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், அது நானாக இருக்க வேண்டாம். டீச்சருடையது என்று என்னிடம் இருக்கப்போவது அந்த இரண்டு சீட்டுகள்தான். குண்டூசியைக்கூட நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் ஒருமுறை அவற்றை எடுத்துப் பார்த்து, அன்று அந்த வாசலில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்: "இல்லை டீச்சர், சீட்டு அப்படி விழவில்லை."